அறுபத்தோராயிரத்து ஒன்றாம் கல்

வெள்ளியம்பாளையத்துக்காரர்கள் பழைய கார் வாங்கப் போனால், கதவைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால், டயரை ஓர் உதை உதைப்பதற்கு முன்னால், வண்டி வெள்ளையா சிவப்பா என்பது கண்ணில் படுவதற்கும் முன்னால், "எவ்வளவு ஓடியிருக்குதுங்க?" என்றுதான் கேட்பார்கள். பதில் எழுபதாயிரத்துக்குக் கீழே இருந்தால் முகம் மலரும், எண்பது என்றால் சுருங்கும், லட்சத்தைத் தாண்டிவிட்டால் கழற்றிப் போட்ட செருப்பைக் கால் தானாகத் தேடும். கேட்கிறவருக்கே இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கும், சர்க்கரை இருக்கும், போன வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருக்கும், ஆனாலும் வாங்குகிற வண்டி மட்டும் வாசல் தாண்டாமல் வளர்ந்திருக்க வேண்டும். நம்மூர்ப் புத்தி அது, வேறு யாரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே முப்பது வருஷம் பிழைத்தவர் குழந்தைவேல். மேற்கு வீதியின் கடைசி வீடு அவருடையது. வீட்டு முன்னால் இருந்த காலி இடத்தில் தகரம் வேய்ந்து, மனைவி பெயரில் 'சாந்தா ஆட்டோ கன்சல்டிங்' என்று போர்டு மாட்டியிருந்தார். அவர் விற்றதெல்லாம் டாக்டர் வண்டி, அல்லது டீச்சரம்மா ஓட்டின வண்டி, அல்லது கோயிலுக்குப் போக மட்டும் எடுத்த வண்டி. ஊரில் டாக்டர்களே மூன்று பேர்தான், அதில் ஒருவர் சைக்கிளில் போகிறவர், ஆனாலும் குழந்தைவேல் கையால் விற்ற டாக்டர் வண்டிகள் மட்டும் நாற்பதைத் தாண்டும், வாங்கினவர்களும் ஒருநாள் கூட டாக்டர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அவர் மோசமான வண்டியை யார் தலையிலும் கட்டினதில்லை. நீட்டு ரோட்டில் தினமும் ஓடி, வேளாவேளைக்கு ஆயில் மாற்றின ரெண்டு லட்சம் கிலோமீட்டர் வண்டி, ஷெட்டில் தூங்கின பத்தாயிரம் கிலோமீட்டர் வண்டியைவிட ஆரோக்கியமானது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அதைத் தொழில் ஆரம்பித்த புதிதில் வருகிறவர்களிடமெல்லாம் பொறுமையாக விளக்கவும் செய்தார். கேட்டவர்கள் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்து ஊரில் போய் மீட்டர் குறைத்த வண்டியை வாங்கினார்கள். ஏழு மாதம் ஒரு வண்டி நகரவில்லை. எட்டாம் மாதம் குழந்தைவேல் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார், காலம் மாறினபோது அது லேப்டாப்பும் ஒரு வயருமாக மாறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படிக் குறைத்ததில் கடைசி வண்டி, அவருடைய மனைவி சாந்தாமணியின் அண்ணன் சென்னியப்பனுக்கு விற்ற சாம்பல் நிறக் கார். சென்னியப்பன் நூல் ஏஜென்ட், திருப்பூருக்கும் ஈரோட்டுக்குமாக அலைகிறவர், மாப்பிள்ளை சொன்னால் அது வேதம் என்று இருப்பவர். வண்டி உள்ளபடிக்கு ஓடியிருந்தது ரெண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். குழந்தைவேல் அதை அறுபத்தோராயிரமாக்கினார், தேய்ந்துபோன பெடல் ரப்பரை மாற்றினார், வழுவழுத்த ஸ்டியரிங்குக்கு உறை போட்டார், பானெட்டைத் திறந்து, 'அடுத்த டைமிங் பெல்ட் 2,40,000-ல்' என்று முன்னால் வைத்திருந்தவரின் மெக்கானிக் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்தார். அறுபத்தோராயிரம் ஓடின வண்டியில் அப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தால் சிரிப்பார்கள் அல்லவா, அதற்காக. பெல்ட்டை அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார், நினைத்ததோடு கை கழுவி டீ குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வரவேண்டிய பால்காரர் கருப்பண்ணன் ஆறேகாலுக்கு வந்தார்.

"என்னப்பா நேரமாயிப்போச்சு?" என்றார் குழந்தைவேல்.

"ஒரு கிலோமீட்டர் எச்சா இருக்குதுங்க," என்றார் கருப்பண்ணன், வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. "உங்க ஊட்டுக்கும் பக்கத்து ஊட்டுக்கும் நடுவால. நேத்து இல்லீங்க."

குழந்தைவேல் வெளியே வந்து பார்த்தார். பக்கத்து வீடு இருந்த இடத்தில் ரோடு இருந்தது. நல்ல தார் ரோடு, நடுவில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும் யாருக்கும் சொந்தமில்லாத செம்மண், தூரத்தில் பக்கத்து வீட்டு மாடித் தொட்டி தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவருடைய கேட்டை ஒட்டி மஞ்சள் தலையும் வெள்ளை உடம்புமாக ஒரு கிலோமீட்டர் கல், பெயின்ட் இன்னும் காயவில்லை, அதில் ஊர்ப் பெயர் எதுவும் இல்லாமல் ஒரு நம்பர் மட்டும் எழுதியிருந்தது: 61,001. அதற்கு அடுத்த நாள் ரோடு இரண்டு கிலோமீட்டர் ஆனது, அந்தக் கோடியில் 61,002 என்று இன்னொரு கல் நின்றது.

சாந்தாமணி மூன்றாம் நாள்தான் நம்பரைப் படித்தாள். வீட்டிலேயே மாவரைத்து நாலு வீதிக்குக் கொடுக்கிறவள், மாவு வாளியோடு கிளம்பி, பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரவே மூன்று கிலோமீட்டர் நடந்து, அதற்குள் மாவு புளித்துவிட, திரும்பி வருகிற வழியில் கல் கல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கேட்டுக்கு வந்ததும் வாளியை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, எங்கண்ணனுக்குக் குடுத்த வண்டி எத்தன ஓடியிருக்குதுன்னு சொன்னீங்க?"

"அறுபத்தோராயிரம்."

"அதுக்கு மேல ஓடுனதெல்லாம் எங்கீங்க போச்சு?"

குழந்தைவேல் ரோட்டைப் பார்த்தார். ரோடு அவரைப் பார்த்தது. பொய் சொல்லி முப்பது வருஷப் பழக்கம் இருந்தும், மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குச் சாட்சி படுத்திருக்கும்போது பாதி உண்மையாவது சொல்ல வேண்டியிருந்தது.

"வண்டி நல்ல வண்டி சாந்தா. தங்கமாட்ட வண்டி. நம்பருதான் மாத்துனேன்."

"நல்ல வண்டின்னா நெசத்தச் சொல்லியே வித்திருக்கலாமுல்ல?"

"நெசத்தச் சொன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

"எங்கண்ணன் வாங்கியிருக்கும். நீங்க சொன்னா, வண்டியே இல்லாம வெறுஞ்சாவியக் குடுத்தாக்கூட வாங்கியிருக்கும்." அவள் புளித்த மாவு வாளியை மறுபடி கையில் எடுத்தாள். "வண்டிய நம்பலாமுங்க. அது பாவம் ஓடுனதெல்லாம் ஓடித்தான் இருக்குது. உங்களைய எப்படி நம்பறதுன்னுதான் எனக்குத் தெரியல."

அன்றைக்கே இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு நாலு வீதி தள்ளியிருந்த அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். "நான் எங்கண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்களே உங்க வாயால வந்து சொல்லுங்க. அன்னைக்கு வாரேன்," என்றாள். மூன்று கிலோமீட்டர்தான், நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார் குழந்தைவேல். நாளைக்கு நாலு கிலோமீட்டர் ஆனது.

இதற்குள் ஊர் என்ன செய்தது என்று கேட்டால், நம்மூர் ஒரு ரோட்டைப் பார்த்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஐந்தாம் கிலோமீட்டர் வந்த அன்று ஒரு டீக்கடை வந்தது, ஏழாவதில் டீக்கடைக்கு எதிரே இன்னொரு டீக்கடை வந்தது, ஒன்பதாவதில் ஒரு கட்சிக் கொடிக்கம்பமும் அதைவிட ஒரு முழம் உயரமாக மற்றக் கட்சியின் கொடிக்கம்பமும் வந்தன, பன்னிரண்டாவதற்குள் இருபுறச் செம்மண்ணும் மனைகளாகப் பிரிந்து கல் நட்டு 'விஐபி நகர்', 'விஐபி நகர் விரிவு', 'விஐபி நகர் விரிவின் விரிவு' என்று பெயர் வாங்கிவிட்டது. இந்த மண் எங்கிருந்து வந்தது, யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை, கிழக்குப் பார்த்த மனை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எட்டுப் போட அங்கே வந்தார்கள், கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோ எடுக்க வந்தார்கள், நாற்பதாவது கல்லுக்கு யாரோ மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்துவிட, வெள்ளிக்கிழமை தோறும் புது வண்டிகள் அங்கே எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போயின. நெடுஞ்சாலைத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து, கணக்கில் இல்லாத ரோடு எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, முதல் பத்துக் கிலோமீட்டரைத் துறை எடுத்துக்கொள்வதாக எழுதிக்கொண்டு போனார். மறுநாளே அதில் முதல் குழி விழுந்தது.

ரோடு எங்கிருந்து வந்ததென்று ஊருக்கே தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டது. மேல்நிலைப் பள்ளியின் கணக்கு டீச்சர் எஸ்தர் மட்டும் விளக்கமாகக் கணக்குப் போட்டு, "நாளுக்கு ஒரு கிலோமீட்டர்னா, அந்த ஒரு வண்டியில நீங்க கொறச்சதுக்கு மட்டும் நானூத்தி எம்பத்தஞ்சு வருசம் வரும் சார், மத்த வண்டிங்கல்லாம் இன்னும் வரிசையில நிக்குது," என்று கடைக்கு வந்து சொல்லிவிட்டு, அப்படியே, ஆயிரம் சொச்சம் ஓடின ஸ்கூட்டி ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டுவிட்டுப் போனார். வியாபாரம் அப்படித்தான் இருந்தது. இவ்வளவு கிலோமீட்டரை ஒரே வண்டியிலிருந்து எடுக்கத் தெரிந்த ஆள் என்று குழந்தைவேலின் பெயர் பல்லடம் தாண்டிப் போய்விட்டது, ரோட்டின் முழு நீளத்தையும் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கி, "எவ்வளவு ஓடியிருக்குதுங்க?" என்று நல்ல முகத்தோடு கேட்டார்கள். வெறுத்துப்போய் ஒருநாள் ஒருவரிடம் உண்மை நம்பரைச் சொல்லிப் பார்த்தார். வந்தவர் வருத்தப்பட்டு, "நம்மகிட்டயே இப்படிப் பேசினா எப்படிங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

சென்னியப்பனுக்குப் போன் செய்யாமலும் இல்லை. ஒன்பது தரம் செய்தார். ஒவ்வொரு தரமும் "மச்சான், வண்டி..." என்று ஆரம்பிப்பதற்குள், "வண்டியா மாப்ளே, அது வண்டியில்ல, தெய்வம்! உங்களாட்ட ஓர் ஆள் கையில கெடைக்கோணுமே!" என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும், குழந்தைவேலின் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், "ஆயில் மட்டும் பாத்துக்கங்க மச்சான்" என்று வைத்துவிடுவார். வீட்டில் ஓர் ஆளுக்குச் சமைக்கத் தெரியாமல் நாலு ஆளுக்குச் சோறு வடித்து, மூன்று ஆள் சோற்றை நாய்க்குப் போட்டார். சாந்தாமணியின் கிரைண்டரைத் துடைத்து வைத்தார், மறுநாள் தூசி இல்லாமலேயே மறுபடி துடைத்தார். அவள் இல்லாமல் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை, போகவும் தைரியமில்லை, நாளைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிப் போட்ட ஒவ்வொரு நாளும் ஒரு கல்லாக எழுந்து அவளைத் தூரமாக்கிக்கொண்டே போனது.

அறுபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கருப்பண்ணன் இப்போது முதல் நாள் மத்தியானமே கிளம்பி, வழியில் தங்கி, காலை ஆறு மணிக்குத் தயிரோடு வருவார், பாலாகக் கொண்டுவர வழியில்லை.

"மச்சாம் ஊட்ல எல்லாரும் இன்னைக்கு வால்பாறை போறாங்கங்க. ஒம்பது மணிக்குக் கெளம்பறாங்க. அம்மாவும் போறாங்க. புது வண்டியில மல ஏறோணும்னு அவருக்கு ஆசைங்க."

குழந்தைவேல் மனசுக்குள் கணக்குப் போட்டார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. சென்னியப்பன் தினமும் அலைகிற ஆள், இரண்டு மாதத்தில் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் ஓட்டியிருப்பார். மீட்டர் அறுபத்து மூவாயிரம் என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே பெல்ட்டுக்கு மட்டும் தெரியும் அது ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று. மலை இறங்கும்போது அது அறுந்தால் என்ஜின் செத்துப்போகும், ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக் இரண்டு மிதிக்கு மேல் கேட்காது. வண்டியில் சாந்தாமணி இருப்பாள். எவ்வளவு ஓடியிருக்கிறது என்ற கேள்விக்கு அர்த்தம் என்ன என்று முப்பது வருஷத் தொழிலில் அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. வாங்குவதற்கு அல்ல அந்த நம்பர், எதை எப்போது மாற்றுவது என்று தெரிந்துகொள்வதற்கு.

சென்னியப்பனைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்தால் நூல் விலை கேட்பார்கள் என்று அவர் அணைத்து வைத்துவிடுவார், அன்றும் அணைத்திருந்தது. சாந்தாமணி அறுபது நாளாக இவர் போனை எடுப்பதில்லை. கருப்பண்ணனிடம் சொல்லி அனுப்பலாம், ஆனால் அவர் இரண்டிரண்டு டீக்கடையாக நின்று சொல்லி, ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாக நாளைக்குத்தான் சென்னியப்பனுக்குச் சொல்வார். நாமே போய்விடுவோம், அறுபத்து மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

கடையில் ஐந்து வண்டி நின்றது. குழந்தைவேலின் கை தானாக ஒரு நீல நிறக் காரின் சாவிக்குப் போனது. அவர் வாழ்நாளில் விற்பனைக்கு வந்த ஒரே நிஜமான டாக்டர் வண்டி அது. ஆறு வருஷம் உறை போட்டு ஷெட்டில் நின்றது, எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், மீட்டரில் யார் கையும் படவில்லை. ஷெட்டில் தூங்கின வண்டியைப் பற்றி ஒரு காலத்தில் ஊருக்கே பாடம் நடத்தின மனிதர், அவசரம் என்று வந்ததும் சின்ன நம்பரைப் பார்த்து அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் விற்ற சரக்கை அன்றைக்குத் தானே வாங்கினார்.

இருபத்தொன்பதாம் கல்லில் வண்டி நின்றது. நின்றது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. முதலில் ஏதோ புகைந்தது, அப்புறம் ரேடியேட்டரின் ரப்பர் குழாய் விரிந்து கொதிதண்ணீர் பீய்ச்சியது, அப்புறம் இறுகிப்போன முன் டயர் பிளந்துகொண்டது. பானெட்டைத் திறந்தால், வயர்களைக் கடித்து மெத்தை போட்டுக் குடும்பம் நடத்திவந்த எலி ஒன்று, இவ்வளவு தூரம் கூட்டி வந்துவிட்டாயே என்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குதித்து விஐபி நகர் விரிவுக்குள் ஓடியது. குழந்தைவேல் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நல்லவேளையாக மினி பஸ் வந்தது. ரோடு முப்பதைத் தாண்டின அன்றே ரூட் பர்மிட் வாங்கிவிட்ட பஸ் அது, ஓட்டுவது ஆறுச்சாமி, முப்பது வயசு, எதற்கும் பதறாதவன். குழந்தைவேல் அவன் பின்னாலேயே நின்று, எட்டிப் பார்த்தார். மீட்டர் இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது, ஓட்டையில் ஒரு ரோஜாப்பூ செருகியிருந்தது.

"மீட்டர் எங்கப்பா?"

"அதுங்களா, பதினோரு வருசமா இல்லீங்க."

"அப்ப இது எத்தன ஓடியிருக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"எதுக்குங்க தெரியோணும்? நான் விக்கவா போறேன்?" ஆறுச்சாமி கியரை மாற்றினான். "தெனமும் காத்தால ஆயில் பாக்கறனுங்க. சத்தம் மாறுச்சுன்னா நிறுத்தி எறங்கிப் பாக்கறனுங்க. மாத்த வேண்டியத மாத்துன தேதிய இங்க கூரையில எழுதிப் போட்டர்றனுங்க. பொய் எழுதி யாரை ஏமாத்தறது, ஓட்டறது நாந்தான?"

கூரையில் வரிசையாகப் பென்சிலில் தேதிகள் இருந்தன. குழந்தைவேல் அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். பஸ் ஒவ்வொரு டீக்கடையிலும் நின்றது, மஞ்சள் துணி கல்லில் நின்று விபூதி வாங்கியது, ஒரு கோழிக்கூடையை ஏற்ற ஆறு நிமிஷம் நின்றது, ஆனால் வழியில் தானாக ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சென்னியப்பன் வீட்டு வீதியில் நுழைந்தது.

சாம்பல் நிற வண்டி வாசலில் நின்றது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிக்கியில் புளிச்சோற்றுத் தூக்கு ஏறிவிட்டது. சாந்தாமணி பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். குழந்தைவேல் பஸ் நிற்பதற்குள் குதித்து, வேட்டி தடுக்கி, விழுந்து எழுந்து, வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"மச்சான், ஆப் பண்ணுங்க! இது அறுபதாயிரம் ஓடுன வண்டியில்ல. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம். நாந்தான் கொறச்சேன்."

வீதி நின்றது. பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். சென்னியப்பன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தார், வந்து, மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டுச் சிரித்தார்.

"அட, இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க? அந்தக் கல்லுல எழுதியிருக்கறது எனக்குப் படிக்கத் தெரியாதுங்களா? ஊருல எவன் வண்டியில மாப்ளே மீட்டர் நெசம் பேசுது? நான் விக்கறப்ப நீங்களே இன்னும் பத்தாயிரம் கொறச்சுக் குடுங்க, போச்சு!"

வீதியே சிரித்தது. ஆறுச்சாமி கூடச் சிரித்தான். சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்து முடித்து, எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி அந்த இடம் லேசானபோது, அப்படியே விட்டுவிடலாம் என்று குழந்தைவேலுக்கு ஒரு நொடி தோன்றவும் செய்தது, நாம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"அது மட்டுமில்ல மச்சான்," என்றார். "பெல்ட்டு. ரெண்டு நாப்பதுல மாத்தோணும்னு ஸ்டிக்கர் இருந்துது. அத நான் சொரண்டிட்டேன்."

சென்னியப்பனின் கை தோளிலிருந்து இறங்கியது. மூன்றாவது வீட்டு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். அவர் மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டு, விட்ட கையை அசைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, எல்லாரும் கிட்ட வந்து பாருங்கள் என்றார். பெல்ட்டில் பற்கள் பாதி இல்லை. மிச்சம் இரண்டு நூலில் நின்றது. சென்னியப்பன் அதைக் குனிந்து பார்த்தார், அப்புறம் புளிச்சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அடித்திருந்தால் கூடக் குழந்தைவேலுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் புதுக் கல் வரவில்லை. ரோடு சுருங்கும் என்று சிலர் பயந்தார்கள், மனை வாங்கியவர்கள் திரண்டு போய் ஒரு மனுக்கூடக் கொடுத்தார்கள், ஆனால் அது சுருங்கவுமில்லை. நம்மூரில் கொடிக்கம்பம் நட்ட இடத்தை எந்த அதிசயமும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது.

சாந்தாமணி அந்த ஞாயிற்றுக்கிழமையே பையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தாள். "பஸ் வேண்டாம், நடந்து போலாம். ஒரு கல்லுக்கு ஒரு வண்டி. இத்தன வருசத்துல நீங்க கொறச்சதெல்லாம், யாருக்கு வித்தீங்க, நெசமா எவ்வளவு ஓடியிருந்துது, எதச் சொரண்டினீங்க, சொல்லிக்கிட்டே வாங்க," என்றாள்.

நாலு நாள் நடந்தார்கள். குழந்தைவேல் சொல்லிக்கொண்டே வந்தார், அவள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அவர் கையில் கொடுத்தாள். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் அழுதார், பலபேர், "என்ற வண்டிய மட்டும் உட்ருங்க, அடுத்த மாசம் விக்கப் போறேன், வெளிய தெரிஞ்சா மதிப்புப் போயிரும்" என்று கெஞ்சினார்கள். டீக்கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள், தங்கள் வண்டி எண் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டும், வந்தால் வேறு யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டும். அறுபத்து மூன்று கல்லுக்கு அறுபத்து மூன்று வண்டி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குக் கால் வலித்தது, நெஞ்சு மட்டும் எடை குறைந்தது.

கேட் வந்தது. சாந்தாமணி செருப்பைக் கழற்றினாள், தாழ்ப்பாளை நீக்கினாள், வலது காலை உள்ளே வைத்தாள். "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் உள்ளே போவாள், கிரைண்டர் ஓடும், அவருக்குச் சோறு கிடைக்கும். அந்த வார்த்தை வாயில் தயாராக வந்து உட்கார்ந்தும் இருந்தது, முப்பது வருஷப் பழக்கம் அது.

"இன்னும் பதினொண்ணு இருக்குது சாந்தா," என்றார் குழந்தைவேல்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அறுபது நாளுக்கு மேல் அவள் அந்த முகத்தை நேராகப் பார்த்ததில்லை. பிறகு உள்ளே வைத்த காலை எடுத்து, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்தி, வந்த ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"வாங்க," என்றாள். "வெயிலுக்கு முன்னால நடந்தர்லாம்."